தெருவில் நின்றவர்கள் வீட்டுக்குள் நுழைந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

ஏப்ரல் 14 நமக்குச் சித்திரை முதல் நாள். தீயணைப்புத் துறையினருக்கு அது நினைவு நாள். 1944-ஆம் ஆண்டு அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் நின்றிருந்த 'ஃபோர்ட் ஸ்டைகின்' என்ற கப்பலில் தீப்பிடித்தது. பருத்திப் பொதிகளும் வெடிமருந்தும் ஒரே கப்பலில் இருந்தன. தீயை அணைக்கப் போனவர்கள் திரும்பி ஓடவில்லை. கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடு முழுவதும் தீத்தொண்டு வாரம் நடக்கிறது.

இந்த வாரத்தில் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எரிகிற வீட்டிலிருந்து எல்லோரும் வெளியே ஓடி வருவார்கள். தீயணைப்பு வீரர் மட்டும் உள்ளே போகிறார். இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது?

தீயணைப்பு என்றாலே உள்ளே போவதுதான், ஆதியிலிருந்தே அப்படித்தான் என்று தோன்றும். வரலாறு வேறு மாதிரி. வெகுகாலம் தீயணைப்பவர்கள் தெருவில்தான் நின்றார்கள். எரிகிற வீட்டில் மாட்டிக்கொண்ட ஆளைக் காப்பாற்றுவது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. அந்தக் கதை முழுசாகக் கிடைப்பது லண்டன், எடின்பரோ ஆகிய இரண்டு ஊர்களின் வரலாற்றில்.

*ஒரு பேக்கரி வீடு*

1666, செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. நள்ளிரவு தாண்டிய நேரம். லண்டனில் புட்டிங் லேன் என்ற சந்தில் தாமஸ் ஃபாரினர் என்பவரின் பேக்கரியில் தீப்பிடித்தது. கீழே கடை, மேலே வீடு. படிக்கட்டு வழியாக இறங்க முடியவில்லை. குடும்பத்தார் மாடி ஜன்னல் வழியாக ஏறி, பக்கத்து வீட்டுக்குப் போய்த் தப்பினார்கள். வேலைக்காரப் பெண் ஒருத்தி மட்டும் பயந்துபோய் அங்கேயே நின்றுவிட்டாள். லண்டன் பெருந்தீயின் முதல் பலி அவள்தான்.

அன்றைக்கு ஊரில் இருந்த கருவிகள் என்னென்ன? தோல் வாளி, ஏணி, பித்தளையில் செய்த பெரிய பீச்சாங்குழல், நீண்ட கம்பில் மாட்டிய இரும்புக் கொக்கி. இவற்றில் முக்கியமானது கொக்கி. தீயை அணைப்பதற்கு அல்ல, பக்கத்து வீட்டை இழுத்துத் தள்ளுவதற்கு. எரிகிற வீடு போனது போகட்டும், அடுத்த வீட்டை இடித்து இடைவெளி உண்டாக்கினால் தீ நின்றுவிடும் என்பது கணக்கு. அந்தக் காலத்து முறையே அதுதான்.

அதைக்கூட நேரத்துக்குச் செய்யவில்லை. நகர மேயர் முதலில் வந்து பார்த்துவிட்டு, இது பெரிய விஷயம் இல்லை என்று நினைத்துவிட்டார். வீடுகளை இடித்தால் யார் நஷ்டஈடு கொடுப்பது என்ற தயக்கமும் இருந்தது. சாமுவேல் பீப்ஸ் என்ற கடற்படை அதிகாரி மன்னரிடமே போய்ச் சொல்லி, வீடுகளை இடிக்கும் உத்தரவை வாங்கி வந்தார். அதற்குள் காற்று தன் வேலையைச் செய்துவிட்டது. கடைசியில் வெடிமருந்து வைத்து வீடுகளைத் தகர்த்துத்தான் தீயை நிறுத்தினார்கள். நான்கு நாளில் சுமார் 13,200 வீடுகளும் 87 கோயில்களும் செயின்ட் பால் பேராலயமும் சாம்பலாயின.

*ஈயத் தகடு*

இந்த நஷ்டத்திலிருந்து ஒரு தொழில் பிறந்தது. நிக்கோலஸ் பார்பன் என்பவர் மருத்துவம் படித்தவர், பிறகு வீடு கட்டி விற்கும் தொழிலுக்கு வந்தவர். 1680-ஐ ஒட்டி அவர் வீடுகளுக்குத் தீக் காப்பீடு தொடங்கினார். ஆண்டுதோறும் பணம் கட்டினால், வீடு எரிந்தால் நஷ்டத்தைத் தருவார்கள். பின்னாலேயே வேறு கம்பெனிகளும் வந்தன.

வீடு எரிந்தால் கம்பெனிக்கு நஷ்டம். ஆகவே ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று தீயணைப்புப் படை வைத்துக்கொண்டது. தேம்ஸ் நதியில் படகு ஓட்டுபவர்களைப் பிடித்து, கம்பெனி நிறத்தில் சீருடை கொடுத்தார்கள். காப்பீடு செய்த வீட்டுச் சுவரில் உயரத்தில் ஓர் ஈயத் தகடு அடித்தார்கள். ஒரு கம்பெனிக்குச் சூரியன் சின்னம், இன்னொன்றுக்குக் கோத்த இரு கைகள்.

தகடு இல்லாத வீடு எரிந்தால் படை கைகட்டி வேடிக்கை பார்க்கும் என்று ஒரு கதை இன்றைக்கும் சுற்றுகிறது. அப்படி ஒரு வழக்கமே இருந்தது என்பதற்கு வலுவான சான்று இல்லை. தகடு இல்லாத வீட்டை எரியவிட்டால் தகடு உள்ள பக்கத்து வீடும் சேர்ந்து போகும் அல்லவா?

ஆனால் வேறோர் உண்மை இருக்கிறது. அந்தப் படைகளின் கடமை சொத்தைக் காப்பாற்றுவது. காப்பீடு கட்டடத்துக்கும் சரக்குக்கும்தான். மாடியில் தூங்கும் குழந்தையின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. கண்ணெதிரே ஆள் தெரிந்தால் காப்பாற்றியிருப்பார்கள், அவர்களும் மனிதர்கள்தான். ஆனால் அதற்கென்று ஏணியோ பயிற்சியோ பொறுப்போ கிடையாது.

*ஓவியர் தந்த குழாய்*

உள்ளே போகாததற்கு இன்னொரு காரணம், போக முடியாததுதான். அந்தக் காலத்து எந்திரம் என்பது கைப்பம்பு பொருத்திய தொட்டி. அதன் உச்சியில் ஓர் உலோகக் குழல் நிலையாக இருக்கும். எந்திரத்தைத் தெருவில் நிறுத்தி, ஜன்னலைப் பார்த்துப் பீய்ச்ச வேண்டும். தண்ணீர் புகையில் விழும், சுவரில் விழும், தீயின் மேல் விழாது.

இதற்கு வழி கண்டவர் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஓவியர் ஒருவர். பெயர் யான் வான் டெர் ஹெய்டன். தெருக்களையும் வீடுகளையும் செங்கல் செங்கலாக வரைந்து புகழ் பெற்றவர். 1670-களின் தொடக்கத்தில் அவரும் அவர் தம்பியும் சேர்ந்து, தோலைத் தைத்து வளையும் குழாய் செய்து பம்பில் பொருத்தினார்கள். இன்று நாம் பார்க்கும் ஹோஸ் குழாயின் மூதாதை அதுதான். பம்பு தெருவில் நிற்கலாம், தண்ணீரைப் படிக்கட்டு வழியாக உள்ளே கொண்டுபோகலாம்.

குழாய் வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகப் பயிற்சி பெற்ற ஆள் வர இன்னும் 150 ஆண்டு ஆயிற்று.

*இருபத்து நான்கு வயது இளைஞர்*

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோ. அங்கே பழைய ஊர்ப் பகுதியில் வீடுகள் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும். இடையில் ஆள் மட்டும் போகிற அளவுக்குச் சந்துகள். தீயணைப்பு எந்திரம் வாசலுக்குப் போகவே முடியாது. நம் பழைய ஊர்களின் தேரடிச் சந்துகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

1824-இல் எடின்பரோ நகரம் தனக்கென்று ஒரு தீயணைப்புப் படை அமைத்தது. காப்பீட்டுக் கம்பெனிகளும் செலவில் பங்கு கொடுத்தன. தலைவராக அமர்த்தப்பட்டவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட். வயது 24. கட்டட வேலைக் குடும்பத்தில் பிறந்து, கட்டட அளவை படித்தவர்.

பதவியேற்ற சில வாரத்திலேயே சோதனை வந்தது. நவம்பர் 15 இரவு பெருந்தீ. பல நாள் எரிந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. அன்று பிரெய்ட்வுட்டால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. மாஜிஸ்திரேட் ஒரு பக்கம் உத்தரவு போட்டார், பிரமுகர்கள் இன்னொரு பக்கம் உத்தரவு போட்டார்கள். யார் சொல்வதைக் கேட்பது? அந்த அனுபவத்துக்குப் பிறகுதான், தீ நடக்கும் இடத்தில் கட்டளை ஒருவரிடமிருந்தே வரவேண்டும், அவர் தீயணைப்புத் தலைவராகவே இருக்கவேண்டும் என்று முடிவாயிற்று.

அதன் பிறகு பிரெய்ட்வுட் செய்தவை இன்றும் உயிரோடு இருக்கின்றன.

ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதம் முதலாவது. கூரை வேய்பவர், தச்சர், கொத்தனார், குழாய் வேலைக்காரர், கொல்லர் என்று பார்த்துச் சேர்த்தார். கூரை வேய்பவருக்கு உயரத்தில் நடப்பது பழக்கம். தச்சருக்கு எந்த உத்தரம் தாங்கும், எது விழும் என்று தெரியும். கொத்தனாருக்குச் சுவர் பேசும் மொழி புரியும். வீட்டைக் கட்டத் தெரிந்தவனுக்கே அது எப்படி இடியும் என்பதும் தெரியும்.

அடுத்தது பயிற்சி. ஊர் விழிக்கும் முன் அதிகாலை இருட்டிலேயே எந்திரத்தை இழுத்துப் பழகினார்கள். இருட்டில் பழகியவனுக்குத்தான் இருட்டில் கை ஓடும்.

முக்கியமானது அவர் வகுத்த முறை. தெருவிலிருந்து பீய்ச்சுவது வீண் வேலை, தீயின் வேர் எங்கே இருக்கிறதோ அங்கே குழாயைக் கொண்டுபோய் அதன் மேலேயே தண்ணீரை விடவேண்டும் என்றார். ஒருவர் தனியாக உள்ளே போகக் கூடாது, ஒருவருக்கு மயக்கம் வந்தால் மற்றவர் இழுத்து வரவேண்டும் என்றார். புகைக்குள் நிமிர்ந்து நடக்காதே, தரையோடு தவழ்ந்து போ, நல்ல காற்று தரையை ஒட்டித்தான் இருக்கும் என்றார். தீ என்று தெரிந்த உடனே கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் மூடு, மூடியே வை, காற்று போனால் தீ வளரும் என்றார். இவற்றையெல்லாம் 1830-இல் புத்தகமாக எழுதினார். அப்போது அவருக்கு வயது முப்பது.

*உயிரைக் காக்கத் தனிச் சங்கம்*

லண்டன் கம்பெனிகள் அவரை விட்டுவைக்குமா? ஆளுக்கொரு படை வைத்துச் செலவு செய்வதைவிட ஒன்றாகச் சேரலாம் என்று பத்துக் கம்பெனிகள் சேர்ந்து, 1833 ஜனவரி 1 முதல் ஒரே படை அமைத்தன. மொத்தம் 80 பேர். தலைவர் பிரெய்ட்வுட்.

தலைவர் மாறினாலும் சம்பளம் கொடுப்பது காப்பீட்டுக் கம்பெனிகள்தான். உயிர்களின் பொறுப்பு இன்னும் யாருக்கும் இல்லை. இதைப் பார்த்த பொதுமக்கள் 1836-இல் தனியாக ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெயரே, தீயிலிருந்து உயிர்களைக் காக்கும் சங்கம். நன்கொடை திரட்டி, பெரிய சக்கரம் பொருத்திய உயரமான ஏணிகள் செய்தார்கள். இரவு நேரத்தில் தெருமுனைகளில் அவற்றை நிறுத்தி, ஏணிக்கு ஒரு காவலரை வைத்தார்கள். தீ என்ற சத்தம் கேட்டால் அவர் ஏணியைத் தள்ளிக்கொண்டு ஓடுவார்.

யோசித்துப் பாருங்கள். ஒரே வீடு எரிகிறது. கட்டடத்தைக் காக்க ஒரு படை வருகிறது. உள்ளே இருக்கும் மனிதர்களைக் காக்க, நன்கொடையில் நடக்கும் சங்கத்தின் ஏணி தனியாக வருகிறது. உலகின் மிகப் பணக்கார நகரத்தில் சுமார் முப்பது ஆண்டு இப்படித்தான் நடந்தது.

*டூலி தெரு*

இது மாறுவதற்கு ஒரு மரணம் தேவைப்பட்டது.

1861 ஜூன் 22, சனிக்கிழமை. லண்டன் பாலத்துக்கு அருகே டூலி தெருவில் சரக்குக் கிடங்குகள் தீப்பிடித்தன. சணல், பருத்தி, வெடியுப்பு, கொழுப்பு, சர்க்கரை, தேயிலை என்று எரியக்கூடிய அத்தனையும் அங்கே அடுக்கியிருந்தது. தீ பரவாமல் தடுக்க இரும்புக் கதவுகள் போட்டிருந்தார்கள். ஆனால் கதவுகளை மூடாமல் விட்டிருந்தார்கள். கதவை மூடு, மூடியே வை என்று முப்பது ஆண்டுக்கு முன்பே எழுதிய மனிதர், திறந்து கிடந்த கதவுகள் வழியாகப் பரவிய தீயின் முன்னால் நின்றார்.

களைத்துப்போன தம் ஆட்களைக் கவனிக்க அவர் போனபோது ஒரு சுவர் வெடித்துச் சரிந்தது. பிரெய்ட்வுட் அதன் அடியில் புதைந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் உடலை எடுக்க முடிந்தது. இரண்டு வாரம் எரிந்த தீ அது. அவருடைய இறுதி ஊர்வலம் ஒன்றரை மைல் நீளம் இருந்ததாம். நகரத்துக் கோயில் மணிகள் ஒலித்தன.

நஷ்டம் சுமார் இருபது லட்சம் பவுண்டு. இனி எங்களால் முடியாது என்று காப்பீட்டுக் கம்பெனிகள் அரசிடம் சொல்லிவிட்டன. 1865-இல் சட்டம் வந்தது. 1866 ஜனவரி 1 முதல் லண்டனின் தீயணைப்பு பொதுப் பணி ஆயிற்று. செலவுக்கு மக்களின் வரி, அரசின் பங்கு, கம்பெனிகளின் பங்கு. அடுத்த ஆண்டே, 1867-இல், அந்தச் சங்கத்தின் ஏணிகளும் இந்தப் படையிடம் வந்து சேர்ந்தன.

தண்ணீர்க் குழாயும் உயிர் காக்கும் ஏணியும் ஒரே கையில் வந்தது அப்போதுதான். ஃபாரினர் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு ஏணி கொண்டுவருவது ஓர் அரசுப் பணியாளரின் கடமை என்று ஆக 200 ஆண்டு பிடித்தது.

*இன்றைய வீட்டுத் தீ*

இப்போது நம் தெருவில் ஒரு வீடு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 101-க்குப் போன் போகிறது. வண்டி வருகிறது. கூட்டத்தில் நிற்பவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். "வந்ததும் தண்ணி அடிக்காம சுத்திச் சுத்திப் பாக்குறாங்க பாரு." "நல்லா இருந்த கதவை உடைச்சிட்டாங்க." "தீ அணைஞ்ச பிறகும் எதுக்கு எல்லாத்தையும் கிளறுறாங்க?"

அவர்கள் செய்கிற ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

வந்ததும் சுற்றிப் பார்ப்பது வீண் தாமதம் இல்லை. எந்த அறையில் தீ, புகை என்ன நிறம், எவ்வளவு வேகத்தில் வெளியே வருகிறது, கூரை ஓடா கீற்றா கான்கிரீட்டா, மின்சாரம் நிறுத்தியாயிற்றா, சிலிண்டர் எங்கே, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஓரிரு நிமிடத்தில் பார்க்கிறார்கள். கட்டளை ஒருவரிடமிருந்து வரும். இது எடின்பரோ பாடம்.

உள்ளே ஆள் இருந்தால் தேடலுக்குத்தான் முதலிடம். மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு, குறைந்தது இரண்டு பேராக, தாழ்ந்து, சுவரைத் தடவிக்கொண்டு போவார்கள். புகையில் கண் தெரியாது, சுவர்தான் வழிகாட்டி. சின்னக் குழந்தைகள் பயந்து கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ளும். அதனால் அங்கெல்லாம் தேடுவார்கள்.

கதவை உடைப்பதிலும் கணக்கு உண்டு. மூடிய அறையில் தீ காற்றில்லாமல் அடங்கியிருக்கும். சூடான புகை மட்டும் நிறைந்திருக்கும். அந்த நேரத்தில் கதவைப் படாரென்று திறந்தால் காற்று உள்ளே பாய்ந்து, அந்தப் புகையே வெடித்தாற்போல் தீப்பற்றும். ஆகவே முதலில் கதவின் சூட்டைப் பார்த்து, குழாயில் தண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒதுங்கி நின்றுதான் திறப்பார்கள். புகை வெளியேற எங்கே வழி விடுவது, எப்போது விடுவது என்பதும் தலைவரின் முடிவு.

தண்ணீர் எப்படி அணைக்கிறது என்று பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறோம். நீர் ஆவியாகும்போது பெரும் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1,700 லிட்டர் நீராவியாகிறது. சரியான இடத்தில் விழும் கொஞ்சம் தண்ணீர், தப்பான இடத்தில் கொட்டும் லாரித் தண்ணீரைவிட மேல். தெருவில் நின்று பீய்ச்சிய காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அணைந்த பிறகு கிளறுவது, மெத்தைக்குள்ளும் மரத்துக்குள்ளும் ஒளிந்திருக்கும் கங்கு இரவில் மறுபடி பற்றாமல் இருக்க. தீயின் காரணத்தைக் கண்டுபிடிக்கவும் அதுதான் வழி.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அன்றைய வீட்டில் மரமும் பருத்தியும் இருந்தன. இன்று சோபா, மெத்தை எல்லாம் ஸ்பாஞ்சும் பிளாஸ்டிக்கும். இப்படிப்பட்ட அறை முழுவதும் ஐந்து நிமிடத்துக்குள் ஒரே தீயாக மாறுவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். வண்டி வந்து சேருவதற்குள் அந்த ஐந்து நிமிடம் போய்விடும். ஆகவே முதல் ஐந்து நிமிடத்துக்கு நாம்தான் பொறுப்பு.

*நமக்கு*

ஒன்று. தீப்பிடித்த அறையிலிருந்து வெளியே வந்ததும் கதவைச் சாத்துங்கள். பிரெய்ட்வுட் 1830-இல் எழுதியதுதான். சாத்திய கதவு தீயைப் பல நிமிடம் நிறுத்தி வைக்கும்.

இரண்டு. இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தீ இல்லாமல் கேஸ் மட்டும் கசிந்தால் செய்யவேண்டியது நேர்மாறு. கதவு, ஜன்னலைத் திறக்கவேண்டும். எந்த ஸ்விட்சையும் போடவோ நிறுத்தவோ கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

மூன்று. வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், எண்ணெய் சிதறித் தீ கூரைக்குப் போகும். முடிந்தால் அடுப்பை நிறுத்தி, தட்டால் மூடுங்கள். மின்சாரத் தீ என்றால் மெயினை நிறுத்தாமல் தண்ணீர் கூடாது.

நான்கு. வெளியே வந்தவர் நகைக்கும் பத்திரத்துக்கும் மறுபடி உள்ளே போகாதீர்கள். ஆள் யாராவது உள்ளே இருந்தால், எந்த அறை என்று வீரர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அது பெரிய உதவி.

ஐந்து. தெருவை அடைத்து வண்டி நிறுத்தாதீர்கள். எடின்பரோவில் சந்து குறுகல், அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நம் தெரு இருபதடி அகலம் இருந்தும், இருபுறமும் காரை நிறுத்தி நாமே சந்தாக்கி வைத்திருக்கிறோம்.

தமிழ்நாடு தீயணைப்பு வண்டிகளில் 'காக்கும் பணி எங்கள் பணி' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாருடைய பணியாகவும் இல்லாமல் இருந்த ஒன்றை 'எங்கள் பணி' என்று சொல்லும் வாசகம் அது. அடுத்த முறை சைரன் கேட்டால் ஓரமாக ஒதுங்கி வழி விடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் 101 என்ற எண்ணை மனப்பாடம் செய்ய வையுங்கள். வீட்டு முகவரியையும் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள்.